லூமியா இன்னும் ஓடுது

சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு சர்வீஸ் கடை மேசையில் இன்னிக்கு மஞ்சள் கலர் லூமியா 520. மைக்ரோசாஃப்ட்டோட விண்டோஸ் போன் சிஸ்டத்தில் ஓடுற பழைய நோக்கியா போன்.

பின்மூடியைக் கழற்றி வேற பிஎல்-5ஜே பேட்டரி போட்டதும் ஆன் ஆயிடுச்சு. டச் இன்னும் வழுக்கிட்டுப் போகுது.

வாட்ஸ்அப் வராது. 2019 டிசம்பர் 31-லேயே விண்டோஸ் போனுக்கு நிறுத்திட்டாங்க.

2011 பிப்ரவரியில் நோக்கியா ஆண்ட்ராய்டு பக்கம் போகாம விண்டோஸ் போனைப் பிடிச்சது. அடுத்த வருஷமே புது வெர்ஷன், விண்டோஸ் போன் 8. உள்ளே கெர்னலே, அதாவது சிஸ்டத்தோட அடித்தளமே வேற. முந்தின வெர்ஷனில் வந்த லூமியா 800 வாங்கினவங்க அதுக்கு மாறவே முடியல. அப்புறம் ஆப் எழுதுறவங்க எதை நம்பி வருவாங்க?

இவ்வளவு நல்ல ஹார்டுவேர். மனசு ஆறல.

வீட்டில் ஒண்ணு கிடந்தா, லாக்கைத் திறந்துட்டு கம்ப்யூட்டரில் கேபிள் மாட்டுங்க. லாக்கில் இருந்தா ஃபோல்டர் காலியாத்தான் தெரியும். படமெல்லாம் 'கேமரா ரோல்' உள்ளே இருக்கும். பேட்டரி உப்பியிருந்தா மட்டும் சார்ஜ் போடாதீங்க.