ருமேனியக் கயிற்று லேஸ்: வேலை நாட்குறிப்பு

ஜூன் 2

இந்த லேஸில், துணியில் வரைந்த கோட்டின் மேல் கயிற்றைத் தைத்து, இடைவெளிகளை ஊசி வேலையால் நிரப்பி, கடைசியில் துணியைக் கழற்றிவிடுவார்கள். இன்று கயிறு மட்டும். இதைப் போன்ற இன்னொரு வகையான பாட்டன்பர்க் லேஸுக்கு ஆலையில் நெய்த நாடா போதும். ருமேனிய லேஸில் அந்த நாடாவின் இடத்தில் வருவது குரோஷே ஊசியால் கையாலேயே பின்னிய கயிறு. எவ்வளவு நெளிந்த கோட்டிலும் அது படிந்து உட்காரும்.

20ஆம் எண் பருத்தி நூல், 1.25 மி.மீ. ஊசி. இரண்டு சங்கிலி போட்டு, முதல் சங்கிலிக்குள் ஒரு சிங்கிள் குரோஷே (ஊசியை நுழைத்து நூலை இழுத்து, ஊசியில் உள்ள இரண்டு கண்ணியையும் ஒன்றாக முடிக்கும் குட்டைத் தையல்). வேலையைத் திருப்பி, இடது ஓரத்து இழையில் இன்னொன்று. மறுபடி திருப்பினால் ஓரத்தில் இரண்டு இழை சேர்ந்து தெரியும். ஊசி இரண்டுக்கும் அடியில் நுழைய வேண்டும். அதற்கப்புறம் கடைசிவரை இதேதான். ஒரே இழையைப் பிடித்தால் அந்த இடம் தளர்ந்து ஓட்டையாகும். திருப்புவது எப்போதும் ஒரே பக்கமாக இருக்கட்டும்.

இரு ஓரத்திலும் வரிசையாக நிற்கும் கண்ணிகளைப் பாருங்கள். பின்னால் வரும் ஊசி வேலை முழுவதும் இவற்றில்தான் தொங்கப்போகிறது. கண்ணி ஒரே அளவாக இல்லாவிட்டால் எந்த நிரப்புத் தையலும் நேராக நிற்காது.

ஜூன் 5

அழுத்தமான பருத்தித் துணியில் திராட்சைக் குலையும் இரண்டு இலைகளும் வரைந்தாயிற்று. கோட்டின் மேல் நூலை வைத்து அளந்தால் கயிற்றின் நீளம் தெரியும். ஆனாலும் கயிற்றை முன்கூட்டியே வெட்டக் கூடாது. கடைசிக் கண்ணியில் ஊக்கு மாட்டி, நூற்கண்டோடு அப்படியே விட்டால், குறைந்தால் பின்னலாம், மிஞ்சினால் பிரிக்கலாம்.

வேறு நிற நூலால், கயிற்றின் நடுவே துணியோடு ஓட்டுத் தையல். ஓரக் கண்ணிகள் தையலில் மாட்டக் கூடாது. இலை நுனி போன்ற கூர்வளைவில் உள் ஓரம் சுருக்கம் விழும். உள் கண்ணிகளில் மட்டும் ஒரு நூலைக் கோத்து மெல்ல இழுத்தால் படிந்துவிடும். கயிறும் கயிறும் தொடும் இடங்களை லேஸ் நூலாலேயே கண்ணியோடு கண்ணி சேர்த்துத் தைக்க வேண்டும். இதை ஓரிடத்தில் விட்டாலும் துணியை எடுத்ததும் அங்கே பிளந்து நிற்கும்.

ஜூன் 9

இலைகளுக்கு நெசவுத் தையல். முனை மழுங்கிய ஊசி. அது துணியைத் தொடவே கூடாது. நடுவில் மூன்று இழை நீட்டி, மேலும் கீழுமாக நெய்து, ஒவ்வொரு சுற்றையும் ஊசி முனையால் நெருக்க வேண்டும். எல்லாரும் தடுமாறும் இடம் இழுவிசை. துணியில் இருக்கும்வரை இறுக்கம் தெரியாது. கழற்றியதும் கயிறு உள்ளே இழுபட்டு இலை குவியும். தளர்ந்தாலோ நடுவில் தொய்யும். நூல் தீர்ந்தால் நடு இழையில் முடிச்சுப் போடாமல், கயிற்றுக்குள் ஓட்டி மறைத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

ஜூன் 12

திராட்சை மணிகள். பென்சிலில் பத்துப் பன்னிரண்டு சுற்று நூல் சுற்றி, கழற்றி, வளையத்தைச் சுற்றி நெருக்கமாகக் காஜா தையல். மணிகள் உப்பலாக நின்றால்தான் தட்டையான இலைக்குப் பக்கத்தில் எடுபடும். குலையை இலையோடு இணைக்கும் பாலங்களுக்கும் காஜா தையலே.

ஜூன் 14

துணியின் பின்பக்கத்திலிருந்து ஓட்டுத் தையல்களை மட்டும் வெட்டி, மிச்ச நூலை இடுக்கியால் எடுக்க வேண்டும். முன்பக்கம் கத்தரி வந்தால் கண்ணி அறும். ஒரு கண்ணி போனால் அதில் தொங்கும் நெசவும் நழுவும். பிறகு வெதுவெதுப்பான நீரில் அலசி, லேசாகக் கஞ்சி போட்டு, தடித்த துவாலை மேல் முகம் கவிழ்த்து இஸ்திரி. நேராக வைத்துத் தேய்த்தால் மணிகள் நசுங்கிவிடும்.