ஆறு மணி வகுப்பு

2024 செப்டம்பர் 9, திங்கள்

புது டேர்ம் இன்று ஆரம்பம். ஆபீஸ் முடிந்து ரூட் 1 நெரிசலில் ஊர்ந்து வந்து, ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வகுப்புக்குள் நுழைந்தேன். பதினோரு பேர். கிடங்கில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், பிரதிபலிக்கும் மஞ்சள் பட்டை போட்ட சட்டையோடு அப்படியே வந்திருந்தார். ராணுவத்தில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்த ஒரு பெண் முதல் வரிசையில். இரண்டு மூன்று பேர் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்தவர்களாக இருக்கும்.

ஊரில் கேட்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன். நான் வாரம் இரண்டு மாலை பாடம் எடுக்கும் இடத்தை இங்கே நியூ ஜெர்சியில் கரியர் காலேஜ் என்பார்கள். நம் பாலிடெக்னிக்குக்குப் பக்கத்தில் வைக்கலாம், ஆனால் லாபத்துக்கு நடத்தும் தனியார் கல்லூரி. ஐ.டி.யில் தருவது அசோசியேட் டிகிரி. 90 குவார்ட்டர் கிரெடிட், அதாவது காலாண்டு டேர்ம் கணக்கில் படிக்கும் பாட அளவு. செமஸ்டர் கணக்குக்கு மாற்றினால் 60. பட்டப்படிப்பில் பாதி.

பெரிய பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு ஏன் இங்கே வருகிறார்கள்? செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டாம், வகுப்பு மாலையில், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. பகல் முழுக்க உழைக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

இன்று நெட்வொர்க் கேபிளுக்கு முனை அடித்தோம். ஸ்லைடில் நூறு தடவை பார்த்தாலும் வராது, கையில் செய்தால்தான் வரும்.

மேலுறையை ஒன்றரை அங்குலம் உரித்து, முறுக்கிய நாலு ஜோடியையும் பிரித்து, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று வரிசையாக நீவி, அரை அங்குலம் விட்டு நறுக்கி, ஆர்ஜே 45 கனெக்டருக்குள் செருகி அமுக்க வேண்டும். நீவுவதில்தான் எல்லாருக்கும் பொறுமை போகும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இடமும் வலமுமாக ஆட்டினால் கம்பி சொன்ன பேச்சு கேட்கும். எனக்கு இதைப் பாலிடெக்னிக்கில் ஒரு லேப் அண்ணன் காட்டிக் கொடுத்தார்.

கிடங்குத் தம்பியின் கேபிள் டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை பச்சை விளக்கு வரிசையாக எரிந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் மாட்டினால் லைன் நின்று நின்று வந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன். ஜோடி ஜோடியாக நேராக அடுக்கியிருக்கிறார். பச்சை ஜோடியைப் பிரித்து மூன்றாவது இடத்திலும் ஆறாவது இடத்திலும் போடவில்லை. இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்ததால் டெஸ்டருக்குத் தப்பு தெரியவில்லை. சிக்னல் போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி என்று இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கியிருந்தால்தான் வெளித்தொல்லை அடிபட்டுப் போகும். இவருடையதில் போனது ஒரு ஜோடியில், வந்தது வேறு ஜோடியில்.

"எல்லா விளக்கும் எரிஞ்சுதே" என்றார். முகம் வாடிவிட்டது. முனையை வெட்டிவிட்டு மறுபடி அடிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

செப்டம்பர் 30, திங்கள்

வகுப்பு முடிந்தும் தம்பி போகவில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே பழைய மார்க் ஷீட். வேறு மாநிலத்தில், இருபது வயதில், இதே மாதிரி ஒரு கல்லூரியில் சேர்ந்து முக்கால்வாசி முடித்திருக்கிறார். ஒரு நாள் காலை போனால் கதவு பூட்டியிருந்ததாம். அதற்கப்புறம் கடன் தள்ளுபடியாக வருஷக்கணக்கில் அலைந்திருக்கிறார். இப்போது வயது இருபத்தொன்பது.

"சேரும்போது எந்த காலேஜ் போனாலும் இது செல்லும்னு சொன்னாங்க. ரெண்டு இடத்துல கேட்டேன், ஒரு கிரெடிட்கூட எடுத்துக்க மாட்டோம்னுட்டாங்க. அன்னிக்கு நான் அடிச்ச கேபிள் மாதிரிதான் இதுவும். எல்லா விளக்கும் எரியுது."

எனக்குப் பேச்சு வரவில்லை.

இப்படி நடுத்தெருவில் நின்றவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. கொரிந்தியன் கல்லூரிகள் 2015 ஏப்ரலில் மூடின. 2016 செப்டம்பரில் ஐ.டி.டி. டெக், 130-க்கும் மேற்பட்ட கிளைகளோடு, ஒரே நாளில் மூடியது. பிறகு 2022-ல் கொரிந்தியனில் படித்த 5,60,000 பேருக்கு 580 கோடி டாலரும், ஐ.டி.டி.யில் படித்த 2,08,000 பேருக்கு 390 கோடி டாலரும் மத்திய அரசு கடன் தள்ளுபடி அறிவித்தது. பணத்துக்கு அப்படி ஒரு வழி பிறந்தது. படித்த பாடத்துக்கு?

அவருடைய அடுத்த கேள்வி: "இங்கே முடிச்சா, இதை வச்சு ஸ்டேட் யுனிவர்சிட்டியில பேச்சிலர்ஸ் சேர முடியுமா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஆனால் பதிலில் பாதி எனக்குத் தெரியும்.

அக்டோபர் 3, வியாழன்

எங்கள் கல்லூரி கேட்டலாக்கை உட்கார்ந்து படித்தேன். பின்பக்கத்தில், சின்ன எழுத்தில்: இங்கே பெற்ற கிரெடிட்டை ஏற்பதும் ஏற்காததும் சேரும் கல்லூரியின் முடிவு. பொய்யில்லை. ஆனால் சேரும் நாளில் இதை யார் படிக்கிறார்கள்?

இதன் வேர் அங்கீகாரத்தில் இருக்கிறது. கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்புகள் இங்கே இரண்டு வகையாக இருந்தன. பல்கலைக்கழகங்கள் வட்டார அமைப்பின் கீழ், தொழில் கல்லூரிகளில் பெரும்பாலானவை தேசிய அமைப்பின் கீழ். நம் ஊர்க் காதுக்குத் தேசியம் என்றால் பெரிதாகப் படும். இங்கே நடைமுறையில் தலைகீழ். 2020 ஜூலை 1 முதல் மத்திய அரசு அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டது. ஆனாலும் கிரெடிட்டை ஏற்பது அந்தந்தக் கல்லூரியின் கையில்தான் இன்னும் இருக்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

கோவில்பட்டியிலிருந்து அக்கா மகன் பேசினான். பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம்.

"மாமா, வேலைக்குப் போகட்டுமா, பி.இ. சேரட்டுமா?"

"எது செஞ்சாலும் சரிதான்டா. வேலைக்குப் போய்ட்டுக்கூட அப்புறம் படிக்கலாம். நீ படிச்ச மூணு வருஷம் வீணாகாது, நேரா ரெண்டாம் வருஷம் சேர்த்துக்குவாங்க."

சொல்லும்போதே என் கதை ஞாபகம் வந்தது. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருஷத்தில் உட்கார்ந்தேன். அந்தப் படி இல்லாமல், மறுபடி முதலிலிருந்து வா என்று யாராவது சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் அதற்குப் பணம் கிடையாது. தம்பி கேட்பதும் அந்த ஒரு படியைத்தான்.

அக்டோபர் 17, வியாழன்

ராணுவத்துப் பெண் செக்யூரிட்டி பிளஸ் தேர்வுக்குத் தயாராகிறார். 900-க்கு 750 வேண்டும். பாதுகாப்புத் துறையின் கணினிப் பாதுகாப்பு வேலைகள் பலவற்றுக்கு இந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் அவருக்கு இது நேரான வழி. அவருடைய படிப்புச் செலவை, ராணுவத்தில் இருந்தவர்களுக்கான அரசு உதவியான ஜி.ஐ. பில் ஏற்கிறது, மொத்தம் 36 மாதம்.

அவரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன்: அந்த 36 மாதமும் உங்கள் உழைப்பின் சம்பளம், பார்த்துச் செலவழியுங்கள். லாபத்துக்கு நடக்கும் கல்லூரி தன் வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மத்திய அரசின் உதவித்தொகையிலிருந்து எடுக்கக் கூடாது என்று விதி. பல வருஷம் ஜி.ஐ. பில் மாதிரி ராணுவத்தாருக்கு வரும் பணம் அந்த 90-ல் சேரவில்லை. அதனாலேயே அவர்களைத் துரத்தித் துரத்திச் சேர்த்த கல்லூரிகள் உண்டு. 2021-ல் சட்டம் மாறி, 2023 முதல் அந்தப் பணமும் கணக்கில் வருகிறது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில். விடியும்போதே அம்மா போன். "எண்ணெ தேச்சுக் குளிச்சியாய்யா?" குளித்தேன் என்றேன். உண்மையிலேயே குளித்தேன். ஓக் ட்ரீ ரோட்டில் அரைக் கிலோ மைசூர் பாகு வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

நாலு பேர்தான் வந்திருந்தார்கள். ராணுவத்துப் பெண்ணின் மகள் விண்வெளி வீரர் உடையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மைசூர் பாகு தின்றாள்.

வகுப்புக்கு அப்புறம் தம்பியோடு கார் நிறுத்துமிடத்தில் நின்று பேசினேன். தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். நியூ ஜெர்சியில் 2007-ல் வந்த சட்டப்படி, கவுண்டி காலேஜில் (மாவட்ட அளவில் நடக்கும் அரசு இரண்டு வருஷக் கல்லூரி) ஏ.ஏ. அல்லது ஏ.எஸ். என்ற அசோசியேட் டிகிரி முடித்தால் அரசுப் பல்கலைக்கழகம் அதை முழுசாக ஏற்க வேண்டும், நேராக மூன்றாம் வருஷம். வேலைக்கென்றே தரும் ஏ.ஏ.எஸ். என்றால் அந்த உத்தரவாதம் கிடையாது. ஒரு எழுத்து கூடுதல், இரண்டு வருஷ வித்தியாசம். எங்கள் கல்லூரியில் தருவது ஏ.ஏ.எஸ். கவுண்டி காலேஜிலும் ஏ.ஏ.எஸ். இருக்கிறது, கவனமாகப் பார்த்துச் சேர வேண்டும். குடும்ப வருமானம் 65,000 டாலருக்குள் இருந்து, இதுவரை டிகிரி எதுவும் வாங்காமல், செமஸ்டருக்கு ஆறு கிரெடிட்டாவது எடுத்தால், மற்ற உதவித்தொகை போக மீதிக் கட்டணத்தை மாநில அரசே கட்டும்.

"இதை நீங்களே சொல்றீங்களே, உங்களுக்குச் சங்கடம் வராதா?" என்று கேட்டார்.

வரலாம். இந்தக் கல்லூரி எனக்குச் சம்பளம் தருகிறது, இதன் லேப் நல்ல லேப், என் பாடத்தில் எனக்குக் குறை இல்லை. உடனே வேலை வேண்டும் என்பவருக்கு இங்கேயே முடி என்றுதான் இன்றும் சொல்வேன். இவர் கேட்டது வேறு. முதல் நாளே ஒவ்வொருவரிடமும் "இதற்கு அப்புறம் என்ன படிக்க நினைக்கிறீர்கள்?" என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

நவம்பர் 21, வியாழன்

டேர்மின் கடைசி வாரம். கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலைக்கான ஏ பிளஸ் சான்றிதழ்த் தேர்வின் முதல் தாளில் தம்பி தேறிவிட்டார். 900-க்கு 675 போதும், 731 எடுத்திருக்கிறார். கவுண்டி காலேஜில் ஜனவரிக்கு ஏ.எஸ். விண்ணப்பித்தாயிற்று. இங்கே எடுத்த பாடத்தில் எவ்வளவு எடுத்துக்கொள்வார்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறார். வாய்வார்த்தையை இனி நம்புவதில்லையாம்.

அடுத்த டேர்ம் முதல் நாளுக்கு என் ஸ்லைடில் அந்தக் கேள்வியைச் சேர்த்துவிட்டேன். ஏ.எஸ்., ஏ.ஏ.எஸ். வித்தியாசமும் கேட்டலாக்கின் அந்தச் சின்ன எழுத்து வரியும், பெரிய எழுத்தில். அலுவலகத்தில் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, சரி, போடுங்கள் என்றார்கள்.

போகும்போது தம்பி கிரிம்பிங் டூலைத் திருப்பிக் கொடுத்தார். செப்டம்பரில் வெட்டிப் போட்ட அந்தக் கேபிள் முனையைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மார்க் ஷீட் இருந்த அதே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டு, இரவு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்.