ஒரே பொருளைச் சுட்டும் ஆங்கிலத் தொடர்: படம் பார்த்து எழுதும் பயிற்சி

பொருட்கள் நிறைந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வேன். மேசை, அலமாரி, பெட்டி, பை, நாலைந்து மனிதர்கள் என்று எல்லாம் கலந்து கிடக்கும் படமாக இருந்தால் நல்லது. அதிலிருந்து ஒரு பொருளை மனதில் குறித்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு தொடராக எழுதுவேன். தம்பி அதைப் படித்துவிட்டுப் படத்தில் விரல் வைக்க வேண்டும். படத்தில் இருப்பவர்களை ஒரு குடும்பமாக வைத்துக்கொள்வோம்: அம்மா, அப்பா, அண்ணன், தங்கை. யாருடையது, எப்படிப்பட்டது, எங்கே இருக்கிறது என்ற மூன்றும் தொடருக்குள் வர வேண்டும் என்பதுதான் விதி. இலக்கணப் புத்தகத்தில் உடைமைச் சொல்லுக்கு ஒரு பாடம், பெயரடைக்கு ஒரு பாடம், "இன்", "ஆன்" போன்ற ப்ரெபொசிஷனுக்கு ஒரு பாடம் என்று தனித்தனியாக இருக்கும். பேசும்போதோ மூன்றும் ஒன்றாகத்தான் வந்து நிற்கின்றன. அந்தக் கூட்டைப் பழக வேண்டும் என்றுதான் இதைத் தொடங்கினேன்.

உடைமையும் பெயரடையும் மட்டும் சேரும் தொடர்கள் சுலபமாக வந்தன. "மை ஃப்ரெண்ட்ஸ் நியூ சைக்கிள்" என்றால் என் நண்பனின் புது சைக்கிள். "மை நியூ ஃப்ரெண்ட்ஸ் சைக்கிள்" என்றால் என் புது நண்பனின் சைக்கிள். எந்தச் சொல்லுக்கு முன்னால் "நியூ" நிற்கிறதோ அதுதான் புதிது. தமிழிலும் அதே வரிசை, அதே பொருள் மாற்றம். இதற்கு யாரும் விதியே சொல்லித் தர வேண்டாம்.

வித்தியாசம் ஓரிடத்தில் இருக்கிறது. தமிழில் "அழகான என் வீடு" என்றும் சொல்லலாம், "என் அழகான வீடு" என்றும் சொல்லலாம். ஆங்கிலத்தில் "மை பியூட்டிஃபுல் ஹவுஸ்" மட்டும்தான். உடைமைச் சொல் தொடரின் தலைவாசலை விட்டு நகராது. "எ", "தி", "தட்" எல்லாம் நிற்கும் அதே இடத்தில்தான் "மை", "ஹர்", "மை மதர்ஸ்" ஆகியவையும் நிற்கின்றன. அங்கே ஒன்றுக்குத்தான் இடம். அதனால்தான் "என்னுடைய அந்த நீலப் பேனா" என்பதை "தட் மை ப்ளூ பென்" என்று எழுத முடிவதில்லை. "தட்" முன்னால் இடம் பிடித்துவிட்டால் உடைமை பின்னால் போய்விடும்: "தட் ப்ளூ பென் ஆஃப் மைன்". "என் நண்பன் ஒருவன்" என்பதும் இப்படித்தான், "எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்". "என் அண்ணனின் நண்பன் ஒருவன்" என்றால் "எ ஃப்ரெண்ட் ஆஃப் மை பிரதர்ஸ்". "ஆஃப்" இருக்கும்போது கடைசியில் ஏன் இன்னொரு உடைமை எஸ் என்று தம்பி கேட்டான். "மைன்" நிற்கும் இடத்தில் "பிரதர்ஸ்" நிற்கிறது என்று காட்டியதும் ஏற்றுக்கொண்டான்.

பெயரடைகள் பல சேரும்போது வரிசை முக்கியம். கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், பிறந்த இடம், செய்பொருள் என்று போகும் அந்தப் பட்டியல் பலருக்கும் தெரிந்திருக்கும். "ஹர் மதர்ஸ் ஸ்மால் ஓல்ட் பிரவுன் வுடன் பாக்ஸ்" என்பது இந்த வரிசைப்படி அமைந்த தொடர். மனப்பாடம் செய்வதைவிட எனக்கு உதவியது வேறொரு பார்வை: பொருளைவிட்டுப் பிரிக்க முடியாத குணம் பெயர்ச்சொல்லை ஒட்டி நிற்கிறது, பார்ப்பவரின் கருத்து தள்ளி நிற்கிறது. மரம் என்பது பெட்டியின் உடம்பு, அதனால் பக்கத்தில். அழகு என்பது என் கருத்து, அதனால் தொலைவில். இயல்பான ஆங்கிலத்தில் ஒரு பெயருக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று பெயரடைகள்தான் வருகின்றன. அதற்குமேல் அடுக்கினால் பயிற்சிக்கு எழுதியது என்று தெரிந்துவிடும்.

இதற்குள்ளேயே எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஜோடி: "ஹர் சில்ட்ரன்ஸ் ஓல்ட் புக்", "ஹர் ஓல்ட் சில்ட்ரன்ஸ் புக்". முதலாவது அவள் பிள்ளைகளின் பழைய புத்தகம். இரண்டாவது அவளிடம் இருக்கும் பழைய சிறுவர் நூல். அவளுக்குப் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்பதே இல்லை. இரண்டிலும் அபாஸ்ட்ரஃபி என்ற (') குறி ஒரே இடத்தில்தான் நிற்கிறது. "ஓல்ட்" இடம் மாறியதும் "சில்ட்ரன்ஸ்" என்பது உரிமை காட்டுவதை விட்டுவிட்டுப் புத்தகத்தின் வகையைக் காட்டத் தொடங்குகிறது.

தொடக்கத்தில் நான் வாய்விட்டுப் படிப்பேன், தம்பி கேட்டுச் சுட்டுவான். "மை சிஸ்டர்ஸ் பேக்ஸ்" என்றதும் அவன் விரல் அந்தரத்தில் நின்றது. "ஒரு தங்கையா ரெண்டு தங்கையாக்கா?" என்றான். காதால் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. எஸ்ஸுக்கு முன்னால் அபாஸ்ட்ரஃபி வந்தால் ஒருத்தி, பின்னால் வந்தால் பலர், ஒலி ஒன்றுதான். அன்றிலிருந்து தாளில் எழுதியே நீட்டுகிறேன்.

இடம் சொல்லும் பகுதி சேர்ந்ததும்தான் விஷயம் சூடுபிடித்தது. இந்தத் தொடரைப் பாருங்கள்: "தி ஸ்மால் கீ இன் தி ரெட் பாக்ஸ் ஆன் மை மதர்ஸ் டேபிள்". தமிழில்: என் அம்மாவின் மேசைமேல் உள்ள சிவப்புப் பெட்டியில் இருக்கும் சின்னச் சாவி. ஆங்கிலத்தில் சாவி, பெட்டி, மேசை. தமிழில் மேசை, பெட்டி, சாவி. அப்படியே தலைகீழ். ஆனால் "ஸ்மால் கீ", "ரெட் பாக்ஸ்", "மை மதர்ஸ் டேபிள்" என்ற மூன்று துண்டுகளையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். சின்னச் சாவி, சிவப்புப் பெட்டி, என் அம்மாவின் மேசை. துண்டுக்குள் வரிசை கொஞ்சமும் மாறவில்லை! துண்டுகள் நிற்கும் வரிசை மட்டும்தான் திரும்புகிறது.

இந்தப் பயிற்சி முழுவதிலும் எனக்குக் கிடைத்த பெரிய பிடிமானம் இதுதான். தமிழ் தன் அடைகளை எல்லாம் பெயருக்கு முன்னால் நிறுத்துகிறது, பெயர் கடைசியில் வருகிறது. ஆங்கிலம் உடைமையையும் பெயரடையையும் முன்னால் வைத்துவிட்டு, ப்ரெபொசிஷன் தொடங்கும் பகுதியைப் பின்னால் தள்ளுகிறது. பெயர் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஆகவே நீளமான தொடர் எழுதும்போது முதலில் தமிழின் கடைசிச் சொல்லைப் பிடிக்கிறேன். அதற்குரிய உடைமையும் பெயரடையும் சேர்த்து ஒரு துண்டு. பிறகு அதற்கு முந்திய பெயர், அதன் துண்டு. இடையில் "இன்", "ஆன்", "அண்டர்", "நெக்ஸ்ட் டு". தமிழ்த் தொடரை வலமிருந்து இடமாகப் பெயர் பெயராக எடுப்பது போலத்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். "உள்ள", "இருக்கும்" போன்ற சொல் இல்லாமல் தமிழில் இந்த ஒட்டு வேலை நடக்காது. ஆங்கிலத்தில் அதற்கு ஈடாக "விச் இஸ்" போட வேண்டும் என்று கை துடிக்கும். தேவையில்லை, "தி கீ இன் தி பாக்ஸ்" போதும். ஆனால் அந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. "ஷீ புட் ஹர் சிஸ்டர்ஸ் ரிங் இன் தி பாக்ஸ் ஆன் தி டேபிள்" என்று எழுதிக் கொடுத்தேன். தம்பி இரண்டு இடங்களைச் சுட்டினான். பெட்டியில் இருந்த மோதிரத்தை மேசைமேல் வைத்தாளா? மேசைமேல் இருந்த பெட்டிக்குள் மோதிரத்தை வைத்தாளா? வாக்கியம் இரண்டுக்கும் இடம் தருகிறது. தமிழில் "இருந்த" என்ற சொல் எங்கே வருகிறது என்பதைப் பார்த்தே பிரித்துவிடலாம்.

அதன் பிறகு ஒரு சோதனை வைத்துக்கொண்டோம். பெயர்த்தொடரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் "இட்" போட்டுப் பார்ப்பது. "ஷீ லைக்ஸ் தி ஓல்ட் வாட்ச் இன் தி டிராயர்" என்பது "ஷீ லைக்ஸ் இட்" என்று சுருங்குகிறது. டிராயரும் "இட்"டுக்குள் அடங்கிவிட்டது, ஆகவே அது கடிகாரத்துக்கு அடை. "ஷீ புட் ஹர் ஃபாதர்ஸ் ஓல்ட் வாட்ச் இன் தி டிராயர்" என்பது "ஷீ புட் இட் இன் தி டிராயர்" என்றுதான் சுருங்கும். டிராயர் வெளியே நிற்கிறது, ஆகவே அது வினையைச் சேர்ந்தது. மோதிர வாக்கியத்தில் எது "இட்" என்று நாமே முடிவு செய்யலாம் என்பதால்தான் இரண்டு பொருள்.

வினைச்சொல் பொருத்தத்துக்கும் நடுவில் நிற்கும் பெயர்தான் ஆதாரம். "தி ஹாண்டில்ஸ் ஆன் மை ஃபாதர்ஸ் ஓல்ட் கப்போர்ட் ஆர் ரஸ்டி." வினைக்குப் பக்கத்தில் இருப்பது ஒற்றை அலமாரி, ஆனால் துருப்பிடித்தவை கைப்பிடிகள். அதனால் "ஆர்". தமிழில் தலைப்பெயர், அதாவது தொடர் சுட்டும் பொருளின் பெயர், தொடரின் கடைசியில் வினையை நோக்கி நிற்பதால் இந்தத் தடுமாற்றத்துக்கு அவ்வளவாக வாய்ப்பில்லை.

உடைமைக்காரருக்கே இடம் சொல்ல வேண்டி வந்தபோது சுவாரசியம் கூடியது. சன்னல் ஓரம் நிற்கும் பெண்ணின் பை. ஆங்கிலத்தில் "தி கேர்ள் பை தி விண்டோஸ் பேக்" என்று சொல்லலாம். உடைமை எஸ் "கேர்ள்" என்ற சொல்லில் சேராமல் முழுத் தொடரின் கடைசியில் போய் ஒட்டிக்கொள்கிறது. பேச்சில் இது சாதாரணம். எழுத்தில் பை சன்னலுடையதோ என்று ஒரு நொடி தோன்றும். "தி பேக் பிலாங்கிங் டு தி கேர்ள் பை தி விண்டோ" என்று பிரித்து எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. தமிழிலும் "பெண்ணின்" என்பதில் வரும் "இன்" என்ற உடைமை உருபு தொடரின் கடைசியில்தான் ஒட்டுகிறது. அங்கே கடைசிச் சொல்லே பெண்ணாக இருப்பதால் குழப்பம் வருவதில்லை.

இப்போது மனிதர்களைச் சுட்டும் தொடர்களுக்கு வந்திருக்கிறேன். உடைக்கு "இன்", கையில் இருப்பதற்கு "வித்": "தி டால் மேன் இன் தி ப்ளூ ஷர்ட் வித் ஹிஸ் டாட்டர்ஸ் ஸ்கூல் பேக்". இதில் இரண்டு ப்ரெபொசிஷன் பகுதிகளும் ஒரே மனிதரைச் சேர்கின்றன. சாவி, பெட்டி, மேசை போல ஒன்றிலிருந்து ஒன்று தொங்கவில்லை. அதனால் வரிசையை மாற்றி "வித்" பகுதியை முன்னால் கொண்டுவந்தாலும் ஆள் மாறமாட்டார். ஆனால் அப்படி மாற்றினால் நீலச் சட்டை பைக்கு அருகில் போய்விடுகிறது, படிப்பதற்கு இடறுகிறது. அதனால் "இன்" பகுதியை முதலில் வைத்து எழுதி வருகிறேன். அடுத்த படம் கூட்டம் நிறைந்த ஒரு ரயில் பெட்டி.