கவிழ்த்த அட்டை: தரம் எட்டு, இரண்டாம் தவணை

ஆனி 2, திங்கள்

வெறும் உரப்பையை வெட்டித் தைத்த முப்பத்தொரு பைகளையும் இன்று வகுப்பின் பின்சுவரில் தொங்கவிட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறு அட்டைகள் கொடுத்தேன். மகிழ்ச்சி, கவலை, கோபம், பயம், வெட்கம், களைப்பு என்று ஆறு முகங்களையும் பிறிஸ்டல் போட்டில் வரைந்து முடிக்க இரண்டு இரவுகள் போயின. காலையில் வரவு பதிவதற்கு முன், அன்றைய மனநிலைக்குரிய அட்டையைத் தத்தம் பையில் செருக வேண்டும் என்பதே ஏற்பாடு. இருபத்துநான்கு பேர் மகிழ்ச்சியைச் செருகினார்கள். சோளகம் புழுதியை வாரி இறைக்கும் ஒரு திங்கட்கிழமைக் காலையில், பாதிப் பேர் சாப்பிடாமல் வந்திருக்கும் வகுப்பில், இருபத்துநான்கு மகிழ்ச்சிகளை நான் நம்பவில்லை. மூன்றாம் வரிசையில் யன்னலோரம் இருக்கும் பிள்ளை தன் அட்டையைக் கவிழ்த்துச் செருகியிருந்தாள், முகம் சுவரைப் பார்த்தபடி.

ஆனி 3, செவ்வாய்

உணர்வுகளை அறிந்து கையாளவும் பிறரோடு இணங்கி நடக்கவும் பழக்கும் சமூக-உணர்வுசார் கல்வி பற்றிய ஆசிரியர் பயிற்சியில் எழுதிய குறிப்புகளை மறுபடி வாசித்தேன். 1994 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட காசெல் என்னும் அமைப்பு இந்தக் கல்வியை ஐந்து திறன்களாக வகுத்திருக்கிறது: தன்னை அறிதல், தன்னை ஆளுதல், பிறரை உணர்தல், உறவு பேணல், பொறுப்புடன் தீர்மானித்தல். 2011 இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு 213 நிகழ்ச்சித் திட்டங்களையும் அவற்றில் பங்கேற்ற 270,034 மாணவர்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. நூறு பேரை நிரைப்படுத்தினால் நடுவில் நிற்கும் பிள்ளை, இந்தக் கல்வியைப் பெற்றால், பாடப் புள்ளிகளில் பதினொரு இடம் முன்னேறும் என்று அது கணித்தது. அந்த எண் திரையில் வந்ததும் மண்டபத்தில் இருந்த அதிபர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதே ஆய்வு, படிப்படியான வரிசையும், பிள்ளைகள் செய்து பழகும் முறையும், அதற்கென்று ஒதுக்கிய நேரமும், இன்ன திறன் என்ற தெளிவும் சேர்ந்திருந்த திட்டங்களே நல்ல பயன் தந்தன என்றும் சொல்கிறது. எனக்கு இருப்பதோ கிழமைக்கு ஒரு குடியுரிமைக் கல்விப் பாடவேளை, நாற்பது நிமிடங்கள். அதிலும் விளையாட்டுப் போட்டிக்காலம் வந்தால் முதலில் பறிபோவது அதுதான்.

ஆனி 5, வியாழன்

இன்றும் கவிழ்த்தே வைத்திருக்கிறாள்.

ஆனி 9, திங்கள்

பிழை என்னுடையதாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் சனிக்கிழமை பேருந்தில் வந்தது. நான் வரைந்த ஆறு முகங்களும் பயிற்சியில் தந்த படத்தைப் பார்த்து வரைந்தவை, அவற்றின் கீழே எழுதிய சொற்களும் அங்கிருந்து வந்தவை. வீட்டில் எந்தப் பிள்ளையும் "எனக்கு இன்று கவலையாக உள்ளது" என்று சொல்வதில்லை. ஆகவே இன்று அட்டைகளை ஒதுக்கிவிட்டு, மனம் சரியில்லாதபோது உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். கரும்பலகை நிறைந்துவிட்டது. நெஞ்சு பாரமாக் கிடக்கு, விசர் பிடிக்குது, ஏக்கமா இருக்கு, சீ எண்டு போச்சு, ஒரு மாதிரிக் கிடக்கு. கடைசி வரிசையில் இருந்த பெடியன் ஒருவன் "அந்தரமாக் கிடக்கு" என்று சொன்னபோது வகுப்பே ஓமென்று தலையாட்டியது. எனக்கும் அது சரியென்று பட்டது. பயமென்றால் முழுப் பயமும் இல்லை, அவசரமென்றால் வெறும் அவசரமும் இல்லை, வரவேண்டியது வராமலும் போகவேண்டிய இடத்துக்குப் போகமுடியாமலும் நிற்பவருடைய நிலை அது. ஏழாவது அட்டை வேண்டும் என்றார்கள். அந்தரத்துக்கு முகம் எப்படி வரைவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவனே வந்து சோக்கட்டியை வாங்கி, தரிப்பிடத்தில் ஒரு கால் செருப்புக்குள்ளும் மறுகால் செருப்புக்கு வெளியிலுமாக நின்று வீதியை எட்டிப் பார்க்கும் ஓர் ஆளை வரைந்தான். முகமே வரையவில்லை, முதுகு மட்டும்தான். ஒரு நாளைக்கு இரண்டு பேருந்துகள் ஓடும் வீதியில் வளர்ந்த பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஆனி 10, செவ்வாய்

பொசன் நோன்மதி விடுமுறை. அறையில் இருந்து முப்பத்தொரு அந்தர அட்டைகள் வரைந்தேன். இடமாற்றக் கடிதம் இன்னும் வரவில்லை.

ஆனி 13, வெள்ளி

எழுதாமல் விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இடைவேளை முடிந்து வகுப்புக்குள் நுழைந்தபோது இரண்டு பெடியள் நிலத்தில் உருண்டுகொண்டிருந்தார்கள். ஒருவன் காட்டிலிருந்து பாலைப்பழம் கொண்டுவந்திருக்கிறான். வீதியில் வைத்து விற்பதற்காகக் கட்டிய பை அது. மற்றவன் கேளாமல் கைவிட்டு அள்ளியிருக்கிறான். பழமெல்லாம் சிதறி, பால் பிசின் மேசையெங்கும் ஒட்டியிருந்தது. நான் அலுமாரியைத் திறந்து பிரம்பை எடுத்து மேசையில் ஓங்கி அடித்தேன். பிள்ளைகள் மீது படவில்லை. உடல் தண்டனையைத் தடைசெய்யும் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சுற்றறிக்கை வந்த பிறகு நான் ஒரு பிள்ளையையும் அடித்ததில்லை, ஆனால் பிரம்பை எறியவும் இல்லை. அந்தச் சத்தத்துக்கு வகுப்பு அடங்கிய வேகத்தைப் பார்த்தபோதுதான் நான் செய்தது என்னவென்று உறைத்தது. முன்வரிசைப் பிள்ளைகள் இருவர் காதைப் பொத்தியிருந்தார்கள். இவர்கள் எல்லோரும் 2009 க்குப் பின் பிறந்தவர்கள், ஷெல் சத்தம் கேட்டறியாதவர்கள். ஆனாலும் திடீர்ச் சத்தத்துக்குக் குனிகிற பழக்கத்தை எந்தத் தாயின் மடியில் இருந்து கற்றார்களோ. போர் தனியாளின் மனத்தை மட்டும் அல்லாமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 'கூட்டு மனவடு' பற்றி எழுதியதை மேற்கோள் காட்டிப் பேசியவள் நான், அதுவும் போன மாதம்தான்.

பின்சுவரில் 'தன்னை ஆளுதல்' என்று என் கையெழுத்தில் கொட்டையாக எழுதி ஒட்டியிருக்கிறது.

ஆனி 17, செவ்வாய்

பாடவேளையின் தொடக்கத்தில் மன்னிப்புக் கேட்டேன். வெள்ளிக்கிழமை எனக்குக் கோபம் வந்தது, கோபம் வந்தது பிழையில்லை, பிரம்பை எடுத்தது பிழை என்றேன். அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருத்தி எழுந்து "பரவாயில்லை ரீச்சர்" என்றாள், உடனே உட்கார்ந்து வெட்கப்பட்டாள். பிரம்பைப் பள்ளிக்கூடத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பயற்றங்கொடிக்கு ஊன்றுகோலாக்கினோம்.

அதன்பின் மூச்சுப் பயிற்சி. மூக்கால் நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுவது. பாலைப்பழக்காரப் பெடியன் சிரித்தான். ஏனென்று கேட்டதற்கு, இரவில் அப்பா குடித்துவிட்டு வந்து கத்தும்போது தான் படுத்தபடியே கூரைத் தகரத்தில் உள்ள ஆணித்துளைகளை எண்ணுவதாகவும், நிலவுகாலத்தில் எண்ணுவது சுகம் என்றும், மொத்தம் அறுபத்துமூன்று என்றும், முடிவதற்குள் பெரும்பாலும் அப்பா நித்திரையாகிவிடுவார் என்றும் சொன்னான். தன்னை ஆளுதல் என்ற திறனை இவனுக்கு நான் கற்பிக்க வந்திருக்கிறேன்.

ஆனி 18, புதன்

கடிதம் இல்லை.

ஆனி 26, வியாழன்

மேலிடத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் ஐந்து திறன்களுக்கும் ஒன்று முதல் நான்கு வரை புள்ளி இட்டு ஆடி 15 க்கு முன் ஒப்படைக்க வேண்டும். 'தன் உணர்வுகளைத் தயக்கமின்றிச் சொற்களில் வெளிப்படுத்துகிறார்' என்பது முதல் நிரல். இதன்படி மூன்றாம் வரிசைப் பிள்ளைக்கு நான் ஒன்று போடவேண்டும். பதினெட்டுப் பாடசாலை நாட்களில் அவள் அட்டை ஒருமுறைகூட முகம் காட்டவில்லை. வட்டமாக இருந்து பேசும்போது தன் முறை வந்தால் கையால் அடுத்தவரைக் காட்டுவாள்.

இரவு முழுவதும் ஒரு ஆய்வுக் கட்டுரையோடு போனது. நமது வடக்கிலேயே, போர் பாதித்த 399 பிள்ளைகளை வைத்துச் செய்து 2012 இல் வெளியிட்டது. பயிற்றப்பட்ட உள்ளூர்க்காரர்கள் பள்ளிக்கூடங்களில் பதினைந்து அமர்வுகள் நடத்தியிருக்கிறார்கள். நடத்தைப் பிரச்சினைகளில் பயன் தெரிந்தது. மனவடுக் குறிகளிலோ ஆண் பிள்ளைகளுக்கே பயன், பங்கேற்ற பெண் பிள்ளைகள் பங்கேற்காமல் காத்திருந்த பெண் பிள்ளைகளைவிடக் குறைவாகவே தேறியிருந்தார்கள். அன்றாட வாழ்வில் போரின் நெருக்கடி இன்னும் குறையாத பிள்ளைகளுக்கும் பயன் குறைவு. இந்த வரிகளை மூன்று முறை வாசித்தேன். அந்தப் பிள்ளைகள் வேறு, இந்தப் பிள்ளைகள் வேறு, என்னுடைய அட்டையும் அவர்களுடைய அமர்வும் ஒன்றல்ல என்பதெல்லாம் தெரியும். ஆனாலும் நல்லதென்று நினைத்துச் செய்வது ஒரு பிள்ளையின் தேறுதலுக்குக் குறுக்கே நிற்கலாம் என்பதைப் பயிற்சியில் யாரும் சொல்லவில்லை. பதினொரு இடத்தை மட்டும் பெரிய எழுத்தில் காட்டினார்கள்.

ஆடி 1, செவ்வாய்

அவள் ஒன்பது மணிக்குப் பிறகுதான் வந்தாள். இரவு யானை வந்து அம்மம்மாவின் வாழைகளை மிதித்துவிட்டதாம், அதைக்கூட அவளோடு வரும் சின்னப் பெடியன்தான் சொன்னான். தரம் இரண்டில் படிக்கும் அயல்வீட்டுப் பிள்ளை அவன். முத்தையன்கட்டு வாய்க்கால் கரையால் அவனை அழைத்து வருவது அவள்தான் என்பது எனக்கு இதுவரை தெரியாது. வாசலில் குந்தியிருந்து அவனுடைய சப்பாத்துக் கயிற்றைக் கட்டினாள். கட்டிமுடித்து, முடிச்சை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்து, மற்றக் காலையும் அவிழ்த்துக் கட்டினாள். யானை எங்கே போனது என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் காட்டுப்பக்கம் கையைக் காட்டி, பிறகு அவன் தலையில் அந்தக் கையை வைத்தாள். அவன் கேட்பதை நிறுத்தினான்.

பிறரை உணர்தல்: நான்கு. பென்சிலால் போட்டிருக்கிறேன்.

ஆடி 4, வெள்ளி

பேருந்துக்கு ஓடும் அவசரத்தில் இருந்தபோது வாசலில் நின்று முதல்முறையாகத் தானே பேசினாள்.

"நீங்கள் எப்ப போறீங்கள் ரீச்சர்?"

மூன்றரைப் பேருந்து என்றேன். அவள் கேட்டது அதுவல்ல என்பது பரந்தனைத் தாண்டும்போதுதான் விளங்கியது. வரவுப் பதிவேடுகளை மனத்துக்குள் புரட்டிப் பார்த்தேன். தரம் ஆறிலிருந்து இந்த வகுப்புக்கு நான் நான்காவது வகுப்பாசிரியர். எல்லோரும் என்னைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கட்டாய சேவைக்காலத்தை எண்ணி முடித்துப் போனவர்கள்.

ஆடி 8, செவ்வாய்

உறவு பேணல் பற்றிய பாடம். படிப்பிக்க முடியவில்லை, கொப்பிகளைத் திருத்தினேன்.

ஆடி 11, வெள்ளி

பிள்ளைகள் மைதானத்தில் நின்ற வேளையில், செய்யக்கூடாததென்று தெரிந்தும், அவள் பையிலிருந்த அட்டையை வெளியே எடுத்தேன். இத்தனை நாளும் வெறும் வெள்ளைப்பக்கம் என்று நான் நினைத்திருந்த பக்கத்தில் பென்சிலால் மெல்லிய கோடுகள் இழுத்திருந்தாள். ஐந்தைந்தாகக் கட்டுக் கட்டியிருந்தாள், மொத்தம் இருபத்தொன்பது. எவ்வளவு அருகில் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்! பாடசாலை நாட்களாக இருக்கலாம் என்று பார்த்தேன், எனக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. மறுபக்கம் இருந்த முகம் அந்தரத்தில் நிற்கும் ஆள். இருந்தபடியே திருப்பிச் செருகினேன். அவளிடம் கேட்கப்போவதில்லை.

ஆடி 14, திங்கள்

கடிதம் வந்துவிட்டது. அடுத்த தவணை யாழ்ப்பாணத்தில். வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அம்மா அழுதார். ஆறு வருடம் கேட்டுக்கொண்டிருந்த கடிதம், கைப்பையில் கிடக்கிறது.

முதல் நிரலில் ஒரு பெட்டியை மட்டும் நிரப்பாமல் படிவத்தை ஒப்படைத்தேன். நாளை கேட்பார்கள்.

ஆடி 15, செவ்வாய்

காலையில் ஆசிரியர் கூட்டம் இரண்டு பாடவேளைகளை விழுங்கியது. நிரப்பாத பெட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, படிவங்களை ஒருவரும் பிரித்துப் பார்த்ததாகவே தெரியவில்லை. மூன்றாம் பாடவேளையில், வழமையாகப் பேசும் வட்டத்தில் நானும் உட்கார்ந்து, இரவு முழுவதும் ஒழுங்குபடுத்திய வசனங்களைச் சொல்லத் தொடங்கினேன். முதல் வசனம் முடிவதற்குள் பாலைப்பழக்காரப் பெடியன் "எத்தினையாம் திகதி ரீச்சர்?" என்றான். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நேற்றுப் பேருந்தில் நான் அம்மாவோடு பேசியதைக் கேட்ட சாரதி, கடையில் சொல்லியிருக்கிறார். தெரிந்தும் காலையிலிருந்து ஒரு பிள்ளையும் அதைப் பற்றி வாய் திறக்காமல், நான் சொல்லும்வரை பார்த்திருந்திருக்கிறார்கள்.

ஆவணி 7 வரை இருப்பேன் என்றேன். மூன்றாம் வரிசைப் பிள்ளை எழுந்து பின்சுவருக்குப் போய், தன் அட்டையை எடுத்துவந்து மடியில் வைத்து, பென்சிலைச் சீவத் தொடங்கினாள்.