ஏழே முக்காலுக்கு விளக்குப் போடுபவர்

கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதற்குள் எவ்வளவு பகல் வெளிச்சம் விழும், எத்தனை மணி நேரம் விளக்கு எரியும் என்று கணினியில் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. என் மாமியார் இதை ‘வெயில் ஜோசியம்’ என்பார். ஜோசியம் பலிக்காமல் போன கதை இது.

சென்னையில் மூன்று மாடி அலுவலகம் ஒன்றுக்கு அப்படிப் பார்த்துக் கொடுத்திருந்தேன். குடியேறி இரண்டு ஆண்டுகள் ஆன பின், விளக்குச் செலவு நான் சொன்னபடி குறையவில்லை என்று உரிமையாளர் இரண்டு முறை சொல்லிக் காட்டினார். இரண்டாம் முறை உறைத்தது. போன ஜூனில் ஒரு நாள் காலை, வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் லக்ஸ் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு நானே கிளம்பினேன்.

கல்லூரியில் இந்தக் கணக்கைக் காகிதத்தில்தான் போட்டோம். வெளியே வானம் 8,000 லக்ஸ் தருகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அறைக்குள் ஓரிடத்துக்கு அதில் 1 சதவீதம் வந்தால் 80 லக்ஸ். நம் நாட்டுக் கட்டட விதித் தொகுப்பின் கணக்கு அது. அதில் நேரடி வெயிலுக்கு இடமில்லை, சித்திரையும் மார்கழியும் அதற்கு ஒன்றுதான்.

இப்போது என் மென்பொருளுக்கு அடியில் ஓடுவது ரேடியன்ஸ் என்ற ஒளிக் கணக்கு நிரல். 1980களின் நடுவில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிரெக் வார்டு எழுதத் தொடங்கியது. அது ஒளியைத் தலைகீழாகத் தேடும். மேசையில் ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்டு, சுவரிலும் கூரையிலும் முட்டி முட்டி, ஜன்னல் வழியே வெளியேறி வானத்தைக் கண்டுபிடிக்கும். ஊரின் வானிலைக் கோப்பைக் கொடுத்தால், ஆண்டின் 8,760 மணி நேரத்தில் எந்த மணிக்கு எந்த மேசையில் எத்தனை லக்ஸ் என்று எண்ணாகக் கொட்டிவிடும். சுவருக்கு வெள்ளைக்குப் பதில் சாம்பல் நிறம் அடித்தால்கூட விடை மாறும்.

இந்தக் கட்டடத்தின் நீண்ட பக்கம் வடக்கைப் பார்த்தது. வடக்கு வெளிச்சம், வெயிலே வராது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஐரோப்பியப் புத்தகங்களிலிருந்து நாம் அப்படியே எடுத்துக்கொண்ட பாடம் அது. சென்னை இருப்பது 13 பாகை அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய்விடும். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் திரும்பும். இடைப்பட்ட நாட்களில் நடுப்பகலிலும் அது நமக்கு வடக்கேதான் நிற்கும். மாலை 5 மணிக்கு மேற்கிலிருந்து சற்று வடக்காக நின்று, அந்தக் கண்ணாடிகள் வழியே ஜன்னலோர மேசைகள் மேல் சாய்வாக விழும். அதைத் தடுக்க ஜன்னல்களுக்கு வெளியே செங்குத்தாகத் தடுப்புப் பலகைகள் போடச் சொல்லி வரைந்திருந்தேன். செலவுக் குறைப்பில் முதலில் போனவை அவைதான்.

பலகைகள் போன பிறகும் என் அறிக்கையை நான் மாற்றவில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பகல் வெளிச்சம் வந்தால் விளக்கு தானாக அணைந்துவிடாது, ஒரு கை வேண்டும். அந்தக் கையைப் பற்றி 1979-இல் ஹன்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் எழுதினார்: மனிதர்கள் விளக்கைப் போடுவது பெரும்பாலும் அறைக்குள் நுழையும்போது, அணைப்பது எல்லோரும் வெளியேறும்போது, நடுவில் வெளிச்சம் எவ்வளவு ஏறினாலும் எழுந்து போய் அணைப்பவர்கள் குறைவு. நுழையும்போது மேசையில் வெளிச்சம் எவ்வளவு குறைவோ, விளக்கைப் போடும் வாய்ப்பு அவ்வளவு கூடும். பின்னால் கிறிஸ்டோஃப் ரைன்ஹார்ட் இதையெல்லாம் சேர்த்து லைட்ஸ்விட்ச்-2002 என்ற கணக்கு மாதிரியை உருவாக்கினார். அதை வைத்து ஓடும் டேசிம் மென்பொருளில் இரண்டு வகை மனிதர்கள் உண்டு. ஒருவர் காலையில் ஜன்னல் மறைப்பான ப்ளைண்டை ஏற்றுவார், வெயில் விழுந்தால் இறக்குவார், தேவைப்பட்டால்தான் விளக்கைப் போடுவார். மற்றவர் ப்ளைண்டை இறக்கியே வைத்து, நாள் முழுதும் விளக்கை எரிய விடுவார். நான் அறிக்கையில் முதலாமவரைக் குடிவைத்திருந்தேன். அவரை வைத்தால் வரைபடம் அழகாக வரும்.

போய்ப் பார்த்தால் முதல் மாடியில் ஒரு ப்ளைண்ட்கூட ஏறியிருக்கவில்லை. இருபத்து நான்கு ட்யூப் லைட்டுகளும் எரிந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், எப்போது இறக்கினீர்கள் என்று கேட்டேன்.

“நான் வேலைக்குச் சேர்ந்தபோதே இப்படித்தான் சார் இருந்தது.”

முதல் மே மாதத்தில் யாரோ ஒருவர் மாலை 5 மணிக்குக் கண் கூசி இறக்கியிருக்க வேண்டும். 6 மணிக்கு வீட்டுக்குப் போகிறவர் அதை ஏன் ஏற்றப்போகிறார்? ப்ளைண்ட் ஒன்றைத் தூக்கிவிட்டு மீட்டரை வைத்தேன். ஜன்னலோர மேசையில் என் எண் அவ்வளவாகத் தவறவில்லை. கணக்கு சரி என்ற அற்பத் திருப்தி ஒரு நிமிடம் இருந்தது.

விளக்கை யார் போடுகிறார்கள் என்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. “நாங்கள் வரும்போதே எரியும்.” போடுபவர் பெருக்கித் துடைக்க வரும் அம்மா. ஏழே முக்காலுக்குக் கதவு திறந்ததும் ப்ளைண்ட் மூடிய இருட்டில் எல்லா ஸ்விட்சையும் ஒரே தட்டாகத் தட்டிவிட்டுத் துடைப்பத்தை எடுப்பார். ஒன்பதரைக்கு வருகிற நாற்பது பேரில் ஒருவரும் ஸ்விட்ச் பக்கம் போகத் தேவையே இல்லை. ஹன்ட் சொன்ன ‘நுழைகிறவர்’ இங்கே அந்த மேசைகளில் உட்காராத ஒருவர்.

அவர் நினைத்தாலும் ஜன்னலோர வரிசையை மட்டும் அணைக்க முடியாது என்பது அடுத்துத் தெரிந்தது. ஜன்னலுக்கு இணையாக ஒரு வரிசைக்கு ஒரு ஸ்விட்ச் என்றுதான் வரைந்திருந்தேன். எலக்ட்ரீஷியன் ஒயர் மிச்சமாகும் என்று குறுக்கே இழுத்திருந்தார். ஒரு ஸ்விட்சைத் தட்டினால் ஜன்னலோரம் ஒன்று, நடுவில் இரண்டு, உள்ளே சுவரோரம் ஒன்று என்று நான்கு விளக்குகள் சேர்ந்து அணைகின்றன. சுவரோரம் இருப்பவர் உடனே கத்துவார். கத்தத்தான் செய்தார், நானே அணைத்துப் பார்த்தேன்.

அன்றிரவு இரண்டாம் வகை மனிதரைக் குடிவைத்து மறுபடி ஓட்டினேன். ஏழே முக்கால் முதல் இரவு ஏழு வரை விளக்கு, ப்ளைண்ட் எப்போதும் கீழே. விளக்குகளுக்கென்று தனி மின் மீட்டர் இருந்ததால் ஒப்பிட முடிந்தது, ஏறக்குறைய ஒத்துப்போனது. உரிமையாளருக்கு அனுப்பினேன். ‘இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே’ என்று ஒரு வரி பதில் வந்தது.

தடுப்புப் பலகைகளுக்கு இப்போதும் பணம் இல்லை என்றார். ஒயரை மட்டும் மாற்றிப் போட்டோம். ஜன்னல் வரிசை ஸ்விட்சில் சிவப்புப் பொட்டு ஒட்டினோம். பெருக்கி முடித்ததும் ப்ளைண்டுகளை ஏற்றிவிட்டு, சிவப்புப் பொட்டை அணைத்துவிடுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

“அணைத்துவிடுகிறேன் சார். அப்புறம் வந்து ஏன் இருட்டாக இருக்கிறது என்று யாராவது என்னைத் திட்டினால்?”

நியாயம்தான். காலையில் அந்த வரிசையை அணைத்து வைப்பது நிர்வாகத்தின் உத்தரவு என்று உரிமையாளர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஸ்விட்ச் போர்டுக்கு மேலே ஒட்டச் சொன்னார். அந்த அம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, கையெழுத்துக்குக் கீழே அலுவலக முத்திரையும் குத்த வைத்தார்.