டாக்டர் தட்டில் ஒரு டெப்த் கேஜ்

பீளமேட்டில் பம்ப் கம்பெனி ஒன்றின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கே போனாலும் என் கண் முதலில் கருவி மேலேதான் போகும். பல் சுத்தம் செய்யப் போன இடத்திலும் நாற்காலியில் சாய்வதற்கு முன்னால் தட்டை எட்டிப் பார்த்துவிடுவேன். எங்கள் டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு. கேட்டால் சலிக்காமல் பதில் சொல்வார்.

கருவிகள் ஒட்டிய கவருக்குள் இருக்க வேண்டும், அதை நம் கண் முன்னால் பிரிக்க வேண்டும். ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வேகவைத்து எடுப்பார்கள். சூடு பட்டதும் கவர் மேலிருக்கும் ஒரு கோடு நிறம் மாறும். அந்த நிறம் கவர் சூட்டுக்குள் போய் வந்தது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. கிருமி எல்லாம் செத்ததா என்பதற்குத் தனிச் சோதனை உண்டு. ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

வட்டக் கண்ணாடி எல்லோருக்கும் தெரிந்ததுதான். நல்ல கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருக்காது, முன்பக்கமே பூசியிருக்கும். நம் வீட்டுக் கண்ணாடியில் விரல் நுனியை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியுமே, அது இதில் வராது. பிம்பம் இரட்டையாகத் தெரிந்தால் சின்னச் சொத்தையை எப்படிக் கண்டுபிடிப்பது? கன்னத்தை ஒதுக்கிப் பிடிக்கவும், உள்ளே வெளிச்சத்தைத் திருப்பவும் அதே கண்ணாடிதான்.

கொக்கி மாதிரி வளைந்த ஊசி சொத்தையைத் தடவிப் பார்க்க. முன்பெல்லாம் அழுத்திக் குத்திப் பார்ப்பார்களாம். பலவீனமான எனாமல் அதில் உடைந்துவிடும் என்பதால் இப்போது மெல்லத் தடவுவதோடு சரி.

எல்லோரும் பயப்படும் அந்தக் ‘கீய்ங்’ சத்தம் ஏர்ரோட்டருடையது. சும்மா சுத்தம் செய்ய வந்தவருக்கு அதில் வேலையே இல்லை, சொத்தையைக் குடையத்தான் அது. காற்றில் ஓடும் டர்பைன், நிமிஷத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல். எங்கள் லேத்தில் 2,000 சுற்று வைத்தாலே சூப்பர்வைசர் திரும்பிப் பார்ப்பார். இவ்வளவு வேகம் இருந்தும் டார்க், அதாவது சுழற்றும் வலு, கிடையாது; அழுத்தினால் நின்றுவிடும்.

பல்லில் கெட்டியாகப் படிந்த அழுக்கான காரையை எடுப்பது ஸ்கேலர். அது சுரண்டும் கத்தி இல்லை. அதன் நுனி நொடிக்கு 25,000 முறைக்கு மேல் அதிர்கிறது. அந்த அதிர்வில் காரை விட்டுப் போகிறது. நுனியின் பக்கவாட்டைத்தான் பல்லில் படுத்துவார்கள். கூராகக் குத்தினால் வேர் கீறும். தண்ணீர் பீய்ச்சுவது சூட்டைத் தணிக்க, கழுவித் தள்ள.

“க்ளீன் பண்ணா பல்லு ஆடும், சந்து விழும்” என்று என் வீட்டுக்காரம்மா இன்னமும் சாதிக்கிறார். சந்து முன்பே இருந்தது. ஈறு இறங்கிய இடத்தில் காரை அடைத்துக்கொண்டு நின்றது, எடுத்ததும் தெரிகிறது. இதைச் சொன்னால் “உங்களுக்கு எல்லாம் தெரியும்” என்ற பதில்தான் கிடைக்கும்.

நான் மதிப்பது வேறொரு கருவியை. ப்ரோப். சத்தமே போடாத மெல்லிய குச்சி, மேலே மில்லிமீட்டர் கோடுகள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி ஆழம் பார்ப்பார்கள். எங்கள் டெப்த் கேஜ்தான், வேறென்ன! ஆனால் கோடுகளை எண்ணினால் 1, 2, 3, 5, 7, 8, 9, 10. நாலும் ஆறும் இல்லை. அளவுகோலில் கோடு விட்டுப்போனால் எங்கள் இன்ஸ்பெக்‌ஷனில் அன்றே குப்பைக்குப் போகும். கேட்டேன். “வேணும்னேதான் விட்டிருக்காங்க சார். எல்லாக் கோடும் இருந்தா வாய்க்குள்ள படிக்கறப்ப குழம்பும்” என்றார். யோசித்துப் பார்த்தால் சரிதான்.

ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் அளப்பது முறை. 3 மில்லிமீட்டர் வரை கவலையில்லை, 4ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். குச்சி பட்டதும் ரத்தம் கசிந்தால் அதையும் குறிப்பார்கள், வீக்கத்தின் அடையாளம் அது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தம் அவ்வளவாக வராது. வரவில்லை என்று அவர்கள் சந்தோஷப்பட வேண்டாம்.

டாக்டர் உதவியாளரிடம் “ஒண்ணு ஏழு... மூணு, மூணு, அஞ்சு” என்று சொன்னது ஏதோ ரகசிய மொழி இல்லை. முதல் எண் வாயின் எந்தக் கால்பகுதி, அடுத்தது நடுவிலிருந்து எத்தனையாவது பல். 17 என்றால் மேல் வலது பக்கம், ஏழாவது. பின்னால் வரும் மூணு, மூணு, அஞ்சு அந்தப் பல்லோரம் அளந்த ஆழம். அங்கே எனக்கு 5 மில்லிமீட்டர் குழி. அந்தப் பக்கம் ஆழமாகச் சுத்தம் செய்தார், பல்லிடுக்குக்கு ஒரு சின்ன பிரஷும் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தபோது 4.

பல அவசர கிளினிக்குகளில் இந்தக் குச்சியைத் தொடாமலே ஸ்கேலரை எடுத்துவிடுகிறார்கள். அளக்காமல் வேலையை ஆரம்பிக்கும் ஆளை எங்கள் டூல் ரூமில் மெஷின் பக்கமே விடமாட்டோம். ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: “எத்தனை மில்லிமீட்டர் டாக்டர்?” எண்ணைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், அடுத்த முறை ஒப்பிட உதவும்.