மெயில் வருகிறது, மீட்டிங் வரவில்லை: காலண்டர் சிங்க்கைச் சரிசெய்யும் வரிசை

"மெயில் எல்லாம் சரியா வருதே, காலண்டர் மட்டும் ஏன் வரமாட்டேங்குது?" இந்தப் புகாரின் முதல் பாதியை நம்பித்தான் பலரும் வழி தவறுகிறார்கள். மெயில் வருவது எதையும் நிரூபிப்பதில்லை. மெயிலைக் கொண்டுவரும் ஐமேப், பாப்3 ஆகிய இரண்டு நெறிமுறைகளும் அஞ்சலை மட்டுமே சுமப்பவை. காலண்டர் என்ற ஒன்று இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. காலண்டர் வருவது வேறு வழியில். காலண்டருக்கென்றே 2007இல் வரையறுக்கப்பட்ட கால்டேவ் நெறிமுறை ஒரு வழி. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் ஆக்டிவ்சிங்க் இன்னொன்று. கூகுளும் மைக்ரோசாஃப்டும் ஆப்களுக்கென்று திறந்துவைத்திருக்கும் ஏபிஐ, அதாவது ஆப்கள் நேரடியாகத் தகவல் கேட்டு வாங்கும் வாசல், மூன்றாவது. முகவரியும் பாஸ்வேர்டும் ஒன்றே என்பதால் குழாயும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, அக்கவுன்ட்டை எப்படிச் சேர்த்தார்கள் என்பதை. போனில் 'கூகுள்' அல்லது 'மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச்' என்று பட்டியலில் தேர்ந்தெடுக்காமல், 'மற்றவை' வழியாகச் சென்று சர்வர் பெயரைக் கையால் அடித்துச் சேர்த்திருந்தால் வந்திருப்பது வெறும் மெயில். பழைய அவுட்லுக்கில் ஜிமெயிலை ஐமேப்பாகச் சேர்த்தாலும் இதே கதைதான். காலண்டர் பக்கம் திறக்கும், மீட்டிங் போடலாம், நினைவூட்டல்கூட அடிக்கும். ஆனால் பக்கப்பட்டியில் அந்தக் காலண்டரின் பெயரோடு 'இந்தக் கணினி மட்டும்' என்று இருக்கும். அதில் போட்ட எதுவும் அந்தக் கணினியை விட்டு வெளியே போகாது. அக்கவுன்ட்டை நீக்கிவிட்டுச் சரியான வகையில் மீண்டும் சேர்ப்பதுதான் வழி. நீக்கும் முன் அந்தக் காலண்டரை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதிலிருந்த மீட்டிங்குகளும் சேர்ந்தே போகும்.

சேர்த்த விதம் சரியாக இருந்தும் சிங்க் ஆகவில்லையா, அதாவது ஓரிடத்தில் போட்டது மற்ற இடங்களுக்குப் போகவில்லையா? இங்கேதான் எல்லோரும் செட்டிங்ஸில் கண்டதையெல்லாம் தட்ட ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி ஒரு சோதனை செய்துவிடுவது நல்லது. நாளை மாலைக்கு மூன்று நிகழ்வுகள் போடுங்கள். ஒன்று பிரவுசரில் நேரடியாக லாகின் செய்து, ஒன்று போனில், ஒன்று தகராறு செய்யும் அந்த ஆப்பில். பெயரிலேயே இடத்தையும் போட்ட நேரத்தையும் எழுதிவிடுங்கள்: 'வெப் 10:05', 'போன் 10:07', 'ஆப் 10:09'. யாரையும் அழைக்க வேண்டாம், திரும்பத் திரும்ப வரும்படியும், நாள் முழுக்கவும் வேண்டாம். அவற்றுக்கெனத் தனிக் கோளாறுகள் உண்டு. 20 நிமிடம் கழித்து மூன்று இடத்திலும் எவை தெரிகின்றன என்று பாருங்கள். பிரவுசரில் தெரிவதுதான் சர்வரில் இருப்பது. மற்றவை எல்லாம் அதன் நகல்.

வெப்பில் போட்டது போனுக்கு வந்து, போனில் போட்டது வெப்புக்குப் போகவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம்: போன் அதைத் தன்னுள்ளேயே சேமிக்கிறது. ஐபோனில் இந்தக் காலண்டர் 'ஆன் மை ஐபோன்' என்ற தலைப்பின் கீழும், சாம்சங் காலண்டரில் 'மை காலண்டர்' என்றும் இருக்கும். செட்டிங்ஸில் இயல்புநிலைக் காலண்டரை அலுவலக அக்கவுன்ட்டுக்கு மாற்றிவிட்டால் இனிப் போடுபவை சரியாகப் போகும். ஏற்கெனவே போட்டவை தானாக நகரா. ஒவ்வொன்றையும் திறந்து, காலண்டர் என்ற இடத்தில் அக்கவுன்ட்டை மாற்றிச் சேமிக்க வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் வேறு வழியில்லை. "கேஷை கிளியர் பண்ணு, டேட்டாவை கிளியர் பண்ணு" என்று சொல்பவர் பேச்சை இந்த வேலை முடியும்வரை கேட்காதீர்கள். ஆண்ட்ராய்டில் காலண்டர் ஸ்டோரேஜின் டேட்டாவை அழித்தால் சர்வரில் இருப்பவை திரும்ப வரும்; போனில் மட்டும் இருந்தவை வரவே வரா.

திசை மாறி, போனில் போட்டது வெப்புக்குப் போய், வெப்பில் போட்டது போனுக்கு வரவில்லை என்றால் பெரும்பாலும் அது தாமதம். ஐபோனின் சொந்தக் காலண்டர் ஆப்புக்குக் கூகுள் காலண்டர் புஷ் முறையில் (சர்வரே உடனுக்குடன் அனுப்புவது) வருவதில்லை; போன்தான் அவ்வப்போது போய்க் கேட்டு வாங்குகிறது. 'ஃபெட்ச்' பகுதியில் 15 நிமிடம், 30 நிமிடம், ஒரு மணி, கையால், தானாக என்று இருக்கும். 'தானாக' என்ற பெயர் ஏமாற்றும்: சார்ஜில் இருந்து வைஃபையும் இருந்தால்தான் பின்னணியில் எடுக்கும். அவசர மீட்டிங் உள்ளவர்கள் 15 நிமிடம் வைக்கலாம், அல்லது கூகுளின் சொந்த ஆப்பையே போட்டுக்கொள்ளலாம். பழைய மீட்டிங்குகள் காணோம் என்ற புகாருக்கும் ஐபோனில் எளிய காரணம் ஒன்று உண்டு. காலண்டர் செட்டிங்ஸில் 'சிங்க்' என்பது ஒரு மாதம் பின்னோக்கி என்று இருக்கும். 'எல்லா நிகழ்வுகளும்' என்று மாற்றினால் வந்துவிடும். ஆண்ட்ராய்டில் அக்கவுன்ட் பக்கத்தில் காலண்டருக்கான சிங்க் பொத்தான், பேட்டரி சேமிப்பில் அந்த ஆப் முடக்கப்பட்டிருக்கிறதா என்பது, இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

சொந்தக் காலண்டர் வருகிறது, சக ஊழியர் பகிர்ந்தது மட்டும் ஐபோனில் வரவில்லை என்றால் போனில் தேடிப் பயனில்லை. எந்தெந்தக் காலண்டர் வெளி ஆப்களுக்குப் போகலாம் என்று டிக் செய்யும் தனிப் பக்கம் ஒன்றைக் கூகுள் வைத்திருக்கிறது. முகவரியின் கடைசியில் 'சிங்க்செலக்ட்' என்று வரும். காலண்டரின் வழக்கமான செட்டிங்ஸ் மெனுவில் தேடினால் கண்ணில் படாது.

எந்தப் பக்கமும் எதுவும் போகவில்லை என்றால் பிரச்சினை சாவியில். தனிப்பட்ட ஜிமெயில் அக்கவுன்ட்களில் வெறும் பாஸ்வேர்டை வைத்து வெளி ஆப் உள்ளே வருவதைக் கூகுள் 2022 மே 30இல் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் தன் அலுவலக மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் மூடத் தொடங்கியது. இப்போது ஆப்புக்குக் கிடைப்பது டோக்கன், அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சர்வர் தரும் அனுமதிச் சீட்டு. பாஸ்வேர்டை மாற்றினாலோ, அட்மின் எல்லா லாகினையும் ரத்து செய்தாலோ அது செல்லாது போகலாம். பழைய ஆப்புக்கென எடுத்த 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டும் கூகுள் பாஸ்வேர்டை மாற்றியதும் ரத்தாகிவிடும். எல்லா ஆப்பும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கடைசியாக எடுத்த நகலையே காட்டிக்கொண்டு அமைதியாக நிற்கும். பிழை எண் கண்ணில் பட்டால் குறித்துக்கொள்ளுங்கள். 401 என்றால் யாரென்று தெரியவில்லை, லாகினைப் புதுப்பிக்க வேண்டும். 403 என்றால் பொதுவாக, ஆளைத் தெரிகிறது, அனுமதி இல்லை.

அந்த 403க்கு அடிக்கடி நடக்கும் ஒரு காரணத்தை நெருங்கிப் பார்க்கலாம். ஆப்பைக் கூகுளோடு இணைக்கும்போது வரும் அனுமதித் திரையில் ஒவ்வொரு அனுமதிக்கும் தனித்தனி டிக் பெட்டி இருக்கலாம். அவசரத்தில் அதைப் படிக்காமல் 'தொடர்க' அழுத்தினால் லாகின் வெற்றி, பச்சை நிற 'இணைக்கப்பட்டது' எல்லாம் வரும். காலண்டர் பெட்டி மட்டும் காலியாக இருந்திருக்கும். ஆப்பின் உள்ளே இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்தால் சில சமயம் அந்தத் திரையே வராது, பழைய அனுமதியே தொடரும். அக்கவுன்ட்டின் பாதுகாப்புப் பக்கத்தில் மூன்றாம் தரப்பு இணைப்புகளுக்குப் போய் அங்கேயும் நீக்கிவிட்டுத்தான் புதிதாக இணைக்க வேண்டும். அலுவலக அக்கவுன்ட் என்றால் நிறுவனத்தின் அட்மின் அந்த ஆப்பையே தடுத்திருக்கலாம். அங்கே நீங்கள் என்ன தட்டினாலும் ஆகாது.

"போன வாரம்வரை ஓடிக்கொண்டிருந்தது, நான் எதையும் தொடவில்லை" என்பது இன்னொரு வகை. மீட்டிங் திட்டமிடும் ஆப்கள், சாட் ஆப்கள் எல்லாம் சர்வரிடம் "மாற்றம் இருந்தால் சொல்" என்று ஒரு சந்தா வைத்திருக்கும். அதற்குக் காலாவதி உண்டு. ஆப்தான் புதுப்பிக்க வேண்டும், தவறினால் செய்தி வருவது நின்றுவிடும். கடைசியாக எதுவரை பார்த்தோம் என்று காட்டும் சிங்க் டோக்கனும் அப்படியே. அது செல்லாதபோது கூகுள் 410 என்று பதில் தரும். நல்ல ஆப் உடனே முதலிலிருந்து எல்லாவற்றையும் எடுக்கும், சோம்பேறி ஆப் அங்கேயே நிற்கும். துண்டித்து இணைப்பது இங்கே உண்மையிலேயே வேலை செய்வதற்குக் காரணம் இதுதான்: சந்தாவும் டோக்கனும் புதிதாகப் பிறக்கின்றன.

ஒரு காலண்டரின் ஐகால் இணைப்பை (அதைப் பார்ப்பதற்கான வலை முகவரி) ஒட்டி இன்னொரு காலண்டரில் சேர்ப்பதைச் சிலர் சிங்க் என்று எண்ணுகிறார்கள். அது பார்க்க மட்டுமே. அங்கிருந்து திருத்த முடியாது. புதுப்பிப்பும் பெறும் பக்கத்தின் இஷ்டப்படிதான், பல மணி நேரம் ஆகலாம். விடுமுறைப் பட்டியலுக்குப் போதும், மாலை மீட்டிங்கைக் காலையில் தள்ளிவைக்கும் அலுவலகத்துக்கு ஆகாது.

நிகழ்வு வந்தும் நாள் தப்பினால், அந்த ஒரு நிகழ்வை ஏற்றுமதி செய்து, அதை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் ஐசிஎஸ் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். நாள் முழுவதுமான நிகழ்வு முறையாக எழுதப்பட்டிருந்தால் தொடக்க வரியில் தேதி மட்டும் இருக்கும், மணி இருக்காது. முடியும் தேதி மறுநாளாக இருப்பது பிழையல்ல, விதியே அப்படித்தான். தொடக்கத்தில் நள்ளிரவு மணியும் ஒரு நேர மண்டலமும் எழுதியிருந்தால் அது நாள் முழுவதுமான நிகழ்வு அல்ல, 24 மணி நேர மீட்டிங். மேற்கே உள்ளவர் திரையில் முந்தைய நாள் மாலையிலேயே தொடங்கிவிடும். மண்டலப் பெயரே இல்லாமல் வெறும் மணி மட்டும் இருந்தால் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர் நேரத்தில் அதே மணியாகத் தெரியும். வாராந்திர மீட்டிங்கில் ஒரே ஒரு வாரத்தை மட்டும் மாற்றியது வராமல் போவதும் இந்தக் குடும்பம்தான்: தொடருக்கும் விதிவிலக்குக்கும் அடையாள எண் ஒன்றே, விதிவிலக்கைப் படிக்கத் தெரியாத ஆப் பழைய நேரத்தையே காட்டும். தொடரை அந்த வாரத்தோடு முடித்துப் புதிதாக ஒன்று தொடங்குவது நிம்மதி.

எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால் ஒரே அக்கவுன்ட் இரண்டு வழியில் சேர்ந்திருக்கிறது, அல்லது இரண்டு இணைப்புக் கருவிகள் ஒன்றின் நகலை மற்றொன்று நகலெடுக்கின்றன. நகலுக்குப் புதிய அடையாள எண் கிடைப்பதால் சர்வருக்கு அது வேறு நிகழ்வு. ஒன்றை நிறுத்திவிட்டுத்தான் அழிக்கத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் அழிக்க அழிக்க முளைக்கும்.

அழைப்புகள் மட்டும் காலண்டரில் ஏறவில்லை என்றால், கூகுளில் 'நான் பதிலளித்த பிறகே சேர்' என்ற தேர்வு போடப்பட்டிருக்கிறதா பாருங்கள். வேறு முகவரிக்கு வந்து இங்கே ஃபார்வர்டு ஆன அழைப்பும் தடுமாறும்; அழைக்கப்பட்டவர் பட்டியலில் உங்கள் இந்த முகவரி இல்லையே.

இத்தனைக்குப் பிறகும் அட்மினிடம் போக வேண்டியிருந்தால் 'சிங்க் ஆகல' என்று மட்டும் எழுதாதீர்கள். சோதனை நிகழ்வுகளின் பெயர், எந்தத் திசையில் நின்றது, நேரமும் நேர மண்டலமும், பிழை எண், ஐசிஎஸ் கோப்பில் நிகழ்வின் அடையாள எண்ணைக் காட்டும் யுஐடி வரி, இவ்வளவையும் ஒரே மெயிலில் அனுப்புங்கள். அந்த வரியை வைத்து அவரால் சர்வரில் அதே நிகழ்வைத் தேடிப் பிடிக்க முடியும்.